அத்தனை கடைக்கும் போணி

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பயம் ஒன்றும் கிடையாது. பெயர் அச்சில் வந்தது தெரிந்தால் அந்தத் தாளை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவார். மாட்டிய கையோடு சட்டம் போடும் தொழிலும் அவர் குழுமத்தில் சேர்ந்துவிடும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். திருத்தணியில் நாங்கள் எல்லோரும் அவரைச் சேர்மன் என்றுதான் சொல்வோம்.

சேர்மன் பட்டம் அவர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டது. அப்போது நான் அவர் வீட்டுக்கு நேர் எதிரில் பேனர் அடித்துத் தரும் கடை வைத்திருந்தேன். ஒருநாள் காலையில் வந்து, கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நைனா, என் போட்டோவுக்குக் கீழ 'குழுமத்தின் சேர்மன்'னு போடு."

"எந்தக் குழுமம்ணா?"

"நம்ம குழுமம்தான். சந்தனம் ஒண்ணு, தொப்பி ஒண்ணு. ரெண்டு ஆனா குழுமம்தானே?"

மறுக்க முடியவில்லை. பேனர் ஏறிய சில நாளில் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் தெருவிளக்கு எரியவில்லை என்று மனு எழுதிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். நகராட்சி சேர்மன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் 'நான் அந்தச் சேர்மன் இல்லை' என்று சொல்லியிருப்பார்கள். இவர் எழுந்து நின்று மனுவை வாங்கினார், முழுவதும் படித்தார், "பாத்து பண்ணிடலாம்மா" என்று கும்பிட்டு அனுப்பினார். அடுத்த வாரம் எலக்ட்ரிக்கல் கடை திறந்தார். முதல் பல்பை அந்த அம்மாவுக்கே விற்றார்.

அவரிடம் தொழில்கள் பிறக்கும் விதமே அப்படித்தான். மொட்டை போட்டு வருகிறவர்களின் தலைக்குச் சந்தனம் தடவுவதில் ஆரம்பித்தார். "சந்தனம், சந்தனம்" என்று நம்மவர்களுக்கும் "கந்தம், கந்தம்" என்று ஆந்திராக்காரர்களுக்கும் மாற்றி மாற்றிக் கத்துவார். மொட்டைத் தலையில் வெயில் சுடுவதைப் பார்த்துத் தொப்பி. தொப்பிக்குள் குழந்தைகள் அழுவதைப் பார்த்துப் பலூன். பலூனுக்குக் காற்றடிக்கப் பம்பு வாங்கினார். பம்பு சும்மாதானே இருக்கிறது என்று பஞ்சர் கடை. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் வந்து பேனரில் ஒரு வரி சேர்ப்பார். முகத்தைச் சிறிதாக்கச் சம்மதிக்கவே மாட்டார் என்பதால் எழுத்துகள்தான் சுருங்கிக்கொண்டே போயின. கடைசியில் ஜனங்கள் பேனரின் அருகே வந்து கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டியதாயிற்று. நான் வருத்தத்தோடு அதைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா நைனா, எல்லாத்துக்கும் கண்ணு மங்கிக்கினு வருது."

ஆமாம், அதற்கடுத்து மூக்குக்கண்ணாடி.

இதையெல்லாம் பேராசை என்று ஊரில் சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேராசைக்காரன் நஷ்டக் கடையை மூடுவான். இவர் ஒன்றையும் மூடியதில்லை. வீட்டின் முன்பக்கத்தில் ஒரே ஒரு ஷட்டர், அதற்குள் அத்தனை தொழிலும் முண்டியடித்துக்கொண்டு இருந்தன. பிள்ளைகள் நிறைய உள்ள வீட்டில் தாய் ஒவ்வொன்றுக்கும் பார்த்துப் பார்த்துச் சோறு போடுவதுபோல ஒவ்வொரு கடைக்கும் தனியாகப் பூ வைப்பார், தனியாக ஊதுவத்தி ஏற்றுவார். அதோடு விடாமல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போணி பார்ப்பார். அந்தப் போணிதான் அவருடைய உயிர், எங்களுடைய தலைவலி.

போணி எல்லாக் கடைக்காரர்களும் பார்ப்பதுதான். காலையில் வரும் முதல் ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது. அவன் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட வேண்டும், கடன் கூடாது. கையில் வந்ததைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட வேண்டும். மற்றவர்களுக்கு இது ஒரு நம்பிக்கை. சேர்மனுக்குச் சட்டம். அதில் அவரே சேர்த்துக்கொண்ட ஒரு பிரிவும் உண்டு. எல்லாக் கடைக்கும் போணி ஆகும்வரை அவர் பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டார்.

ஒரு கடை வைத்திருப்பவன் இந்தச் சட்டத்தோடு சுகமாக வாழலாம். குழுமம் வைத்திருப்பவன் என்ன செய்வான்? சந்தனத்துக்கு விடியும்போதே போணி ஆகிவிடும். கண்ணாடியை யார் காலங்காத்தாலே வந்து வாங்குவார்கள்? நேரம் ஏற ஏற மனிதர் பசியில் வாடிப்போவார். தெருவில் போகும் வண்டிகளின் டயரை ஏக்கத்தோடு பார்ப்பார். பிறகு மெதுவாக என் கடைக்கு வருவார்.

"நைனா, உன் வண்டி பின் டயர் கொஞ்சம் சப்பையா கீதே?"

"நேத்துதானேண்ணா நீங்க காத்து அடிச்சீங்க."

"நேத்து அடிச்சது நேத்தோட போச்சு. வா, வா."

என் டயரில் இருந்த காற்று இந்த வட்டாரத்தில் எந்த டயரிலும் இருந்திருக்காது. வேகத்தடை ஏறினால் வண்டி எம்பிக் குதிக்கும். ஆனாலும் அந்தப் பசித்த முகத்தைப் பார்த்தபின் மறுக்க எனக்கு மனம் வந்ததில்லை.

தினமும் என்னையே நம்பியிருக்க முடியாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். ஒரு வழி கண்டுபிடித்தார். பஞ்சர் கடைக்காரராகப் போய்த் தொப்பிக் கடையில் ஒரு தொப்பி வாங்குவார். தொப்பிக் கடைக்காரராக வந்து கண்ணாடிக் கடையில் ஒரு கண்ணாடி வாங்குவார். இந்தப் பக்கம் நின்று பேரம் பேசி, அந்தப் பக்கம் போய்ப் பதில் சொல்லி, காசைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். முதல் முறை பார்த்தபோது வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்றே நினைத்து ஓடினேன்.

"இன்னாண்ணா தனியா பேசிக்கினு கீறீங்க?"

"தனியா எங்கப்பா? குழுமத்துக்குள்ள வியாபாரம் நடக்குது."

இத்தனைக்கும் நடுவில் குடித்தனம் செய்தவர் அவர் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பத்துப் பெண். அதிகம் பேச மாட்டார். பேசினால் ஒரே வாக்கியம்தான், அதற்குப் பிறகு சேர்மனுக்குப் பேச்சு வராது. அக்காவுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. மத்தியானம் சமையலை முடித்துவிட்டு, யாரும் வந்து விலை கேட்காத ஓர் இடத்தில் காலை நீட்டிப் படுக்க வேண்டும். அந்த இடம்தான் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

முதலில் ஹால் போயிற்று. அக்காவின் தங்கை புருஷன் ஊரிலிருந்து விசைத்தறிச் சேலைகளைக் கொண்டுவந்து இறக்க, ஜவுளித் துறையில் கால் வைத்தார் சேர்மன். டிவிக்கு முன்னால் சேலை அடுக்கு எழும்பியது. அக்கா சீரியல் பார்க்க உட்கார்ந்தால், அவரையும் ஒரு பொம்மை என்று நினைத்து முந்தானையைத் தொட்டுப் பார்த்தவர்கள் உண்டு. ஒருநாள் காலை, ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த அம்மா ஒருவர் அடுக்கிலிருந்த அத்தனையையும் கலைத்துப் போட்டுவிட்டு, அக்கா கட்டியிருந்த சேலையைக் காட்டினார்.

"இந்தக் கலர்தான் வோணும்."

"அது கடைச் சரக்கு இல்லம்மா, வூட்டுல கட்டறது" என்றார் அக்கா.

"அப்ப நான் வரேன்" என்று அந்த அம்மா பையை எடுத்தார்.

சேர்மன் அலறிவிட்டார். "போணிம்மே! போணிக் கிராக்கி!" என்று அக்காவின் பக்கம் திரும்பினார். "கொஞ்சம் உள்ள போய் மாத்திக்கினு வந்துடேன்."

நான் அப்போது சில்லறை மாற்ற அங்கே போயிருந்தேன். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை என்மேல் விழுந்திருந்தால் நான் கடையை அரக்கோணத்துக்கு மாற்றியிருப்பேன். பிறகு அவரே உள்ளே போய் வேறு சேலை கட்டிக்கொண்டு வந்து, கட்டியிருந்ததை மடித்துக் கொடுத்தார். அந்த அம்மா அரை விலைக்குக் கேட்டார். அரை விலைக்கே போயிற்று.

அடுத்துப் படுக்கை அறை. குடிநீர்க் கேன் வந்து கட்டிலுக்கு மேலும் கீழும் ஏறிக்கொண்டது. அக்காவுக்கு மிஞ்சியது சமையலறையும் அதை ஒட்டிய சின்ன அறையும்தான். அந்தச் சின்ன அறைக்குத்தான் ஐஸ் பெட்டி வருவதாக இருந்தது.

ஐஸ் பெட்டி என்றால் சாவு வீட்டுக்கு வாடகைக்குப் போகும் குளிர்பெட்டி. சேர்மன் அதைச் சென்னையிலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கி, மாலை போட்டு, கற்பூரம் ஏற்றிவிட்டார். கண்ணை மூடிக் கைகூப்பியபின்தான் சிக்கல் புரிந்தது போலிருக்கிறது. அப்படியே நின்றார்.

"இன்னான்னு வேண்டிக்கப் போறீங்க?" என்றார் அக்கா. "வியாபாரம் ஓகோன்னு நடக்கணும்னா?"

சேர்மன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் என் டயரைப் பார்த்துக்கொண்டேன். கற்பூரம் அணைந்துவிட்டது. அக்கா அந்தப் பெட்டியைச் சின்ன அறைக்குள் விடவே இல்லை. ஷட்டருக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குப் போயிற்று.

அதற்கும் தினமும் போணி வேண்டுமே! போணி ஆகட்டும் என்று நினைப்பதே பாவம், ஆகாவிட்டால் இவர் பட்டினி. இரண்டு நாள் தவித்துவிட்டுப் பூக்கடை திறந்தார். குழுமத்தின் பூக்கடை, குழுமத்தின் ஐஸ் பெட்டியைப் பூ வாடாமல் வைக்க வாடகைக்கு எடுத்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டார், சாப்பிட்டார். மல்லிகை சாயங்காலம் வரை பறித்த மாதிரியே இருந்தது. ஊர்ப் பெண்கள் அசந்துபோய் வாங்கினார்கள். பூ எங்கே இருந்து வருகிறது என்று ஒருத்தி எட்டிப் பார்க்கும்வரை. அன்றைக்கு அந்தத் தெருவில் அவிழ்த்து எறியப்பட்ட மல்லிகையை மிதிக்காமல் நடக்க முடியவில்லை. "குளிர்ச்சி குளிர்ச்சிதானேம்மா" என்று ஒவ்வொருத்தியிடமும் விளக்கிக்கொண்டிருந்தார் சேர்மன். பூக்கடையையும் அவர் மூடவில்லை. அதற்குப் போணி செய்ய மறுநாளிலிருந்து நான்தான் தினம் ஒரு முழம் வாங்கினேன்.

இப்படியே போயிருந்தாலும் அக்காவுக்குச் சின்ன அறையாவது மிஞ்சியிருக்கும். ஆடிக் கிருத்திகை வந்து கெடுத்தது. காவடிக் கூட்டத்தில் ஊர் தள்ளாடும் நாள்களில் லாட்ஜில் அறை கிடைக்காமல் குடும்பம் குடும்பமாக ரோட்டோரம் படுத்திருப்பார்கள். சேர்மன் அதைப் பார்த்துக்கொண்டே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"லாட்ஜு" என்றார்.

"எங்கண்ணா?"

எதிரே இருந்த தன் வீட்டைக் காட்டினார். ஹாலில் ஒரு குடும்பம், படுக்கை அறையில் ஒரு குடும்பம், சின்ன அறையில் ஒன்று, சமையலறையைக் காலி செய்தால் இன்னொன்று. சேலையும் தண்ணீர்க் கேனும் தகரக் கொட்டகைக்குப் போய்விடும்.

"நீங்களும் அக்காவும்?"

"அதே கொட்டாயில ஓரமா படுத்துக்கறோம். ஐஸ் பொட்டி கீறதால வெயில்கூடத் தெரியாது."

எனக்குக் கோபம் வந்தது. சத்தமாகவே கேட்டேன்: "அக்கா ஒத்துக்கிச்சா?"

"ஒண்ணுமே சொல்லல. ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னுதானே?"

அன்று மத்தியானம் அக்கா என் கடைக்கு வந்தார். எப்போதும் படுக்கும் நேரம் அது. பேனரில் பாதி அச்சாகியிருந்த அவர் புருஷனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எப்ப தொறக்கறாங்க? போணிக்கு யாரு வராங்க?" என்று மட்டும் கேட்டார். புத்தூரிலிருந்து வருடா வருடம் காவடி எடுத்து வருகிற டைல்ஸ் வியாபாரி ஒருவரைக் கைராசிக்காரர் என்று சேர்மன் சொல்லி வைத்திருந்தார், விடிந்ததும் அவர்தான் முதல் அறை எடுப்பதாக ஏற்பாடு. அதைச் சொன்னேன். அக்கா தலையாட்டிவிட்டுப் போனார். போகும்போது, "அந்தச் சின்ன ரூம்புலதாம்பா கொஞ்சம் கண்ணசருவேன்" என்றார்.  பேனர் வேலையை அதற்குமேல் செய்யப் பிடிக்காமல் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

திறப்பு நாள் காலையில் வாசலில் வாழைமரம், மேஜை, மேஜைமேல் மணி. பட்டு வேட்டியில் சேர்மன். தெருப் பெண்கள், ஆட்டோக்காரர்கள், அறை கிடைக்குமா என்று நின்ற நாலைந்து குடும்பங்கள், நான். புத்தூர்க்காரரின் பஸ் கூட்டத்தில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. சேர்மன் நின்றவர்களிடம், "கொஞ்சம் இருங்க, போணி ஆயிடட்டும்" என்று கெஞ்சிக்கொண்டே ரோட்டை எட்டி எட்டிப் பார்த்தார்.

அப்போது தெருமுனையிலிருந்து அக்கா வந்தார். எப்போது பின்பக்கமாக வெளியே போனாரோ தெரியாது. தலைக்குக் குளித்து, பூ வைத்து, கையில் ஒரு துணிப்பை. ஊருக்குப் புதிதாக வந்தவர்போல நிதானமாக நடந்து வந்து மேஜைக்கு முன்னால் நின்று மணியை அடித்தார்.

"ரூம் இருக்குதா?"

சேர்மன் சிரித்தார். "இன்னாமே இது? போணி நேரத்துல வெளாடாத. உள்ள போ."

"உள்ள போறதுக்குத்தான் கேக்கறேன். ரூம் இருக்குதா, இல்லியா?"

"இருக்குது... எத்தினி ரூம்?" பழக்க தோஷத்தில் வாய் கேட்டுவிட்டது.

"எல்லாம்."

 சேர்மனின் நெற்றியில் வியர்வை முளைத்தது.

"எத்தினி நாளைக்கு?"

"நானா காலி பண்ற வரிக்கும்."

அக்கா முந்தானை முடிச்சிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். சேர்மன் அதைத் தொடவில்லை. பாம்பைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நீ வூட்டு ஆளு. நீ எப்பிடிக் கஸ்டமர் ஆவே?"

"பூக்கடை ஐஸ் பொட்டிக்குக் கஸ்டமர் ஆவுது. பஞ்சர் கடை தொப்பிக்குக் கஸ்டமர் ஆவுது. நான் ஆவக் கூடாதா?"

ஒரு ஆட்டோக்காரர் தன்னை அறியாமல் கைதட்டிவிட்டார். "போணிக் கிராக்கிய திருப்பாத சேர்மன்" என்றாள் தெருப் பெண்களில் ஒருத்தி. ஐஸ் பெட்டி மல்லிகையை அவள் மறந்திருக்கவில்லை. சேர்மன் என்னைப் பார்த்தார். இந்த முறை நான் டயரைப் பார்க்கவில்லை.

"சாஸ்திரம் சாஸ்திரம்தானேண்ணா" என்றேன்.

அவர் முகம் போன போக்கைச் சொல்லவே முடியாது. ரோட்டை ஒருமுறை பார்த்தார். பஸ் வரவில்லை. நாணயத்தை எடுத்தார், இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். சாவிக்கொத்தை நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாகக் குரல் வந்தது.

"தலைகாணியக் காணோம். லாட்ஜுன்னா தலைகாணி குடுக்க மாட்டீங்களா?"

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார் சேர்மன்.

மனிதர் இடிந்துபோவார் என்று நினைத்தேன். எனக்கு அவரைச் சரியாகத் தெரியவில்லை. மத்தியானத்துக்குள் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"நைனா, 'அறைகள் காலி இல்லை'ன்னு ஒரு போர்டு போடு. பெரிய எழுத்துல." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "தொறந்த அன்னிக்கே ஃபுல்லான லாட்ஜு இந்த ஊர்ல வேற ஏதுனா கீதா?"

"இல்லண்ணா."

"அதான்."

சாயங்காலம் புத்தூர்க்காரர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். சேர்மன் பெருமையோடு போர்டைக் காட்டி, அவர்களுக்குத் தகரக் கொட்டகையில் பாய் விரித்துக் கொடுத்தார். ஐஸ் பெட்டியை மட்டும் ஒரு சேலையால் மூடிவிட்டார். அந்தக் குழந்தைகள் அதன்மேல் உட்கார்ந்து பலூன் ஊதிக்கொண்டிருந்தன.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும். அன்றைய அமளியில் நானும் வண்டியை எடுக்கவில்லை, பூவும் வாங்கவில்லை. அவர் கதவைத் தட்டினார்.

"யாரு?" என்றது உள்ளிருந்து அக்காவின் குரல். நன்றாகத் தூங்கி எழுந்த குரல்.

"சேர்மன்."

"ரூம் காலி இல்லீங்க."

"ரூம் வாணாம்மே. பசிக்குது."

உள்ளே காலடிச் சத்தம் கதவருகே வந்தது.

"பஞ்சர் கடைக்குப் போணி ஆச்சா?"

"இல்ல."

"பூக்கடைக்கு?"

"இல்ல."

"அப்ப சாப்புடக் கூடாதே?"

சேர்மன் திரும்பி என் கடையைப் பார்த்தார். நான் எழுந்துவிட்டேன். வண்டிச் சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டி, உட்கார் என்றார். பிறகு கதவுப் பக்கம் குனிந்து, எனக்குக் கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ஆவலைன்னா போவுது. சோத்தப் போடுமே."

தாழ்ப்பாள் விலகியது. ஹாலில் சேலை அடுக்கு இருந்த இடம் பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது. அதன் நடுவில் ஏற்கெனவே ஒரு தட்டு வைக்கப்பட்டிருந்தது.